நடக்கிறதும் குட்டி போடுகிறதும்

"...நீ நடக்குற அக்கா, அந்தக் கதை குட்டி போடுது. எப்படிப் பிடிப்ப?"

இப்படிக் கேட்டவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே உலகத்தை இரண்டாகப் பிரித்து முடித்துவிட்ட ஒரே மனிதர். ஒன்று நடக்கிறது: பதுளைக்குப் போகும் தூரம், கூடையில் ஏறும் கொழுந்து, அவருடைய தாடி. நேற்றுக் கூடின அளவுதான் இன்றும் கூடும். மற்றது குட்டி போடுகிறது. அந்தக் குட்டியும் குட்டி போடும். ஒரே ஒரு மூட்டைப்பூச்சியைக் கண்டதற்காகப் பாயையே கொளுத்திவிட்டு வெறும் பலகையில் படுத்தவர். அவர் கணக்குத் தப்புவதும் உண்டு. முள்ளங்கியையும் இந்த வகையில் சேர்த்து, ஒன்றே ஒன்றை நட்டுவிட்டுக் காத்திருந்தார். 'குட்டித் தபால்' என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

அன்று அவர் முன்னால் அழுதுகொண்டு நின்றது லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்துக் காம்பரா மாரியக்கா. அவள் மகள் கொழுந்து பறிக்கும்போது ரவிக்கைக்குள் அட்டை ஏறிவிட்டது. கூந்தல் அவிழ அவள் குதித்ததை எதிர்மலையிலிருந்து யாரோ பார்த்துவிட்டு, 'பேய் ஆடுது' என்று கிளப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பண்ண வருகிறார்கள்.

"வீடு வீடாப் போய் அட்டைதான்னு சொல்றேனே, தம்பி!"

"நீ சொன்னா அந்த வீட்டோட நிக்குது. பேய்க் கதை அப்படியா? கேட்டவ ரெண்டு பேருக்குச் சொல்றா. அந்த ரெண்டும் ஆளுக்கு ரெண்டு பேருக்கு."

"அப்ப என் புள்ள கதி?"

"அட்டையையும் குட்டி போட வைப்போம்."

லயத்தில் வாய் மூடாத இரண்டு பெண்களைத் தனித்தனியே கூப்பிட்டார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல, அட்டை. ஏறுன இடம் அப்படி, வெட்கத்துல சொல்லலை. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத."

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும்போதே தோட்டம் முழுக்கச் சிரிப்பு. பேய் போன இடம் தெரியவில்லை.

ஆனால் குட்டி போடுகிற சங்கதி நாம் சொன்ன இடத்தில் நிற்குமா? ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்ததும் கேட்டார்: "நாகப்பாம்பைக் கையால பிடிச்சு எறிஞ்ச பொண்ணு எதுங்க?"

மாரியக்கா பதறிவிட்டாள். "ஐயோ, அது வெறும் அட்டைங்க!"

"நல்லதாப் போச்சு. பாம்புன்னதும் என் மகன் வரமாட்டேன்னுட்டான். கட்டி இழுத்துட்டு வந்தோம்."

உள்ளே எழுந்த சிரிப்பு வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. குட்டித் தபால் மட்டும் சிரிக்கவில்லை. தட்டு மாற்றி முடியும்வரை புதுக் கதை ஒன்றும் நுழைந்துவிடக் கூடாதென்று, கொட்டும் மழையில் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டார். என்னைக்கூட உள்ளே விடவில்லை, மகராசன்.