அறுபது பேனலுக்கும் சந்தனம்

நான் படித்தது மின்பொறியியல். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கோயம்புத்தூரில் நான்கு வருடம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, நல்ல வேலையாகப் பார்த்துச் சேரலாம் என்று (எந்த வேலையும் கிடைக்கவில்லை என்பதை வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன்) சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். பெட்ஷீட் நெய்கிற ஊர். கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் ஊரே நிற்கும். நான் இல்லாத அந்த நான்கு வருடத்தில் ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார்கள். தாங்களே சேர்ந்து ஒரு சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பொதுத் தறிக்கூடத்தின் மொட்டை மாடியில் அறுபது பேனல்களை நிறுத்தியிருந்தார்கள். சம்பள ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பேனல்களை மாடிக்கு ஏற்றியதுகூடப் படிக்கு ஒருவராக நின்று கைமாற்றித்தான்.

சங்கத்தின் தலைவி ஸ்டெல்லா டீச்சர். மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் மாடியேறி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முதல் மணிக்குப் போவார். பேனல் கழுவும் குழுவுக்குத் தலைவி என் அம்மா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், நாளெல்லாம் தறி ஓட்டுகிறவர். ஆனால் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால், எந்த வரிசையில் என்ன கோளாறு என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். நான் அதே கோளாறைக் கையேட்டில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அம்மா அதைச் சரிசெய்துவிட்டு டீ போட்டிருப்பார்.

இப்படிப்பட்டவர்கள் என்னைத் தொழில்நுட்பச் செயலாளர் ஆக்கினார்கள். படித்த பையன் சும்மா இருக்கிறானே என்ற மரியாதைதான் காரணம். நானோ அதைத் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எடுத்துக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு கோவிலுக்குக்கூடப் போய்வந்தேன்.

அந்த வருடம் விஜயதசமியன்று காலை பத்து மணிக்குப் பக்கத்து ஊர்த் தறிக்காரர்கள் எங்கள் மாடியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் சேர்ந்தால்தான் அடுத்த மாடிக்குப் பேனல் போட முடியும். அவர்களைச் சம்மதிக்க வைக்க ஸ்டெல்லா டீச்சர் ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்த ஊருக்குப் போய் வீடு வீடாகப் பேசியிருந்தார். “நேர்ல வந்து பாக்கறோமுங்க, ஓடுச்சுன்னா சேர்றோமுங்க” என்பதுதான் அந்த ஆறு மாதத்துக்குக் கிடைத்த ஒரே பதில்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. டீச்சர் ஒரு மூட்டை பொரியை அனுப்பிவிட்டுத் தங்கை வீட்டுக்கு கோயம்புத்தூர் போயிருந்தார். அம்மா கோபியில் மாமா வீட்டில் இருந்தார். ஆக, கூட்டுறவின் முழுப் பொறுப்பும் என் கையில். (இந்த இடத்தில் என் மனைவி எப்போதும் தலையில் கை வைத்துக்கொள்வாள்.)

ஊரில் தறிக்குச் சந்தனம் வைத்தார்கள், சைக்கிளுக்கு வைத்தார்கள், மிக்ஸிக்கு வைத்தார்கள். அத்தனைக்கும் கரண்ட் கொடுக்கிற பேனலுக்கு வைக்க வேண்டாமா? சாயங்காலம் ஒரு வாளி சந்தனம் கரைத்து மாடியேறினேன். பேனல் சாய்வாக இருப்பதால் வைத்த சந்தனம் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அங்கேதான் என் பொறியியல் மூளை வேலை செய்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்துவிடாமல் இருப்பதற்குக் கஞ்சிப்பசை போடுவார்கள். தறிக்கூடத்திலிருந்து அதில் அரை வாளி எடுத்துவந்து சந்தனத்தில் கலந்தேன். என்னமாய் ஒட்டியது தெரியுமா!

ஒவ்வொரு பேனலிலும் இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம் வரை மூன்று பட்டை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். கூட நின்ற இரண்டு பேர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

“ஏனுங்க தம்பி, இப்படி வெச்சா ஒண்ணும் ஆகாதுங்களா?”

“ஒண்ணும் ஆகாதுங்க.”

எங்கள் ஊரில் படித்தவனை இரண்டாம் முறை கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. அதோடு விட்டுவிட்டார்கள். நான் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிடு கும்பிடாக வந்து குவிந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் திரையில் பத்து கிலோவாட் காட்ட வேண்டும். இரண்டு காட்டியது. வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகம்கூட இல்லை. சரி, இன்வெர்ட்டர் கோளாறு என்று தீர்மானித்து மூடியைக் கழற்றினேன். கல்லூரி நண்பனுக்கு போன் போட்டேன். கம்பெனிக்கு போன் போட்டு, அவர்கள் பொருள் எவ்வளவு மட்டம் என்று ஐந்து நிமிடம் திட்டினேன். (அந்தப் பெண் கடைசிவரை “சரிங்க சார்” என்றே சொன்னாள். அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.)

அப்போது ஆளுக்கொரு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தார்கள் அம்மாவும் டீச்சரும்.

“ஏங்கண்ணு, மேல போயிப் பாத்தியா?” என்றார் அம்மா, திரையில் இருந்த இரண்டைப் பார்த்துவிட்டு.

“மேல என்னம்மா இருக்குது? வெயிலு நல்லாத்தான் அடிக்குது.”

டீச்சர் மாடியேறிப் போனார். இறங்கி வந்தபோது ஆள்காட்டி விரல் நுனி மஞ்சளாக இருந்தது. ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்த விரல் நுனியில் ஒட்டியிருந்தன. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தம்பி, ஒரு பேனலுக்குள்ள இருக்கற செல்லெல்லாம் வரிசையில நிக்கிற புள்ளைங்க மாதிரீங்க. ஒண்ணை மறிச்சா பின்னாடி இருக்கறதும் நின்னுபோகும். உங்களுக்குத் தெரியாததுங்களா?” என்றார்.

தெரியும். மூன்றாம் வருடத்துப் பாடம். பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தோம். பசை அசையவில்லை. கரண்டியால் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். “டீச்சர், அவிங்க வந்தா திரையைக் காட்ட வேண்டாமுங்க. தறியை ஈ.பி. கரண்ட்ல ஓட்டிக் காட்டிடலாமுங்க” என்றேன்.

“ஆறு மாசத்துல அவிங்ககிட்ட ஒரு பொய்யும் சொல்லலீங்க தம்பி. இன்னைக்கா ஆரம்பிக்கோணும்?” என்றார் டீச்சர்.

அம்மாதான் வழி சொன்னார். “புது பெட்ஷீட்டுல கஞ்சி எப்படிப் போவும்? வெதுவெதுன்னு தண்ணியில ஊறவெச்சாத்தான் போவும். ஊட்டுக்கு ஒரு குண்டா தண்ணி காயவெக்கச் சொல்லு.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. கால் மணி நேரத்தில் ஊரே திரண்டு வந்தது. பண்டிகைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்ட பெண்கள், குண்டாவும் அண்டாவும் தூக்கிய ஆண்கள். பேனல் ஏறிய அதே படிகளில் படிக்கு ஒருவராக நின்று வெந்நீரைக் கைமாற்றினார்கள். சூடு அதிகமானால் கண்ணாடி தாங்காது என்று ஒவ்வொரு குண்டாவிலும் அம்மா முழங்கையை விட்டுப் பார்த்தார். நனைத்த பெட்ஷீட்டுகள் அறுபது பேனல் மேலும் விரிந்தன. “யார் செய்த வேலை இது?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. “தம்பி, சித்தெ நகந்துக்குங்க” என்றுதான் சொன்னார்கள், அதையும் அன்பாக. நான்கு வருடத்தில் எந்தப் பேராசிரியரிடமும் தோன்றாத பிரமிப்பு எனக்கு அந்த மாடியில் தோன்றியது.

சரியாகப் பத்து மணிக்கு வேன் வந்து நின்றது.

அதாவது, பேனல்கள் அத்தனையும் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு, இன்வெர்ட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்த நேரம். வந்தவர்களில் மூத்தவர் பெரியசாமி அண்ணன். மாடிக்கு வந்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், கரண்ட் எடுக்கறீங்கன்னு சொன்னீங்க. பெட்ஷீட்டு காயப்போட்டிருக்கறீங்க?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சந்தனம், கஞ்சிப்பசை, மூன்று பட்டை, கம்பெனிப் பெண்ணைத் திட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்டரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அதுவே பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் சிரிக்கவில்லை. படிகளில் நின்ற வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெரியசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“தொடைக்கத் துணி இன்னொண்ணு இருக்குங்களா?”

இரண்டு ஊரும் சேர்ந்து துடைத்தது. ஒரு வரிசை முடிந்து பெட்ஷீட்டை எடுத்ததும் கீழே திரைக்கு முன் நின்றவர் கத்தினார், “மூணுங்க!” அடுத்த வரிசை. “ஆறுங்க!” எண் ஏற ஏற மாடியில் இருந்தவர்கள் வேகம் பிடித்தார்கள். “பதினொண்ணுங்க!” கடைசி வரிசையை எடுத்தபோது “பதினேழுங்க!” என்று வந்த குரலுக்கு, அந்த மாடியில் எழுந்த சத்தம் மாதிரி ஒன்றை நான் கல்யாண வீட்டிலும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (கஞ்சித் தண்ணீர் தெறித்தது என்று அப்போது சொல்லிச் சமாளித்தேன்.) கீழே தறிகள் ஓட ஆரம்பித்தன.

பெரியசாமி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே டீச்சரிடம் வந்தார். “நீங்க சொன்ன கணக்கெல்லாம் எனக்கு வெளங்கலீங்க. நாளைக்கு எங்க மாடியில ஒண்ணு கெட்டுப்போனா யாரு வருவாங்கன்னுதான் ஆறு மாசமா யோசனை. இப்பத் தெரிஞ்சு போச்சுங்க. நாங்க சேர்றோமுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு கண்டிசனுங்க. ஆயுத பூஜையன்னிக்குத் தம்பி எங்கூர் மாடிக்கு ஏறக்கூடாதுங்க.”

டீச்சர் அதைச் சந்தனக் கதையோடு சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு வார்த்தையும் விடவில்லை. புது ஊர் சேரும்போதெல்லாம் பழைய தீர்மானங்களைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது சங்க விதி. செயலாளர்தான் படிக்க வேண்டும் என்பதும் விதி. செயலாளர் இன்றைக்கும் நான்தான்.

இதுவரை மூன்று ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று அதைப் படித்திருக்கிறேன். போன தடவை படித்து முடித்ததும் புது ஊர்க்காரர் ஒருவர் என் அம்மாவிடம் குனிந்து, “அந்தச் சந்தனத் தம்பி இப்ப எங்கீங்க இருக்கறாரு?” என்று கேட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, கூட்டம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி பெருமையாகச் சொன்னார்:

“என்ற பையன்தானுங்க!”