என் கண்வலியும் நான் பாஸான பரீட்சையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மறந்துபோகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷமாக எனக்குக் கண்வலி. சிவப்பு இல்லை, பீளை இல்லை. பொழுது சாய்ந்தால் புருவத்துக்குப் பின்னால் நண்டு கவ்வுகிற மாதிரி வலிக்கும். ராமேஸ்வரம் கடைகளுக்குச் சிப்பி மாலை கோத்துக் கொடுக்கிறவள் நான். ஊசியை எடுத்தாலே நண்டு விழித்துக்கொள்ளும்.

பெரியபட்டினத்தில் கண் முகாம் போட்டார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மும்தாஜ் லாத்தா. (எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.)

"ஏய் பாத்திமா, எழுத்தைத் தப்பாச் சொன்னா கண்ணைக் கீறிருவாகளாம்டி!"

வரிசையை விட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் என்னிடம் ஒரு திறமை உண்டு. சின்ன வயதில் குர்ஆன் ஓதுகிற பள்ளியில் காதால் கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தவள். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் பலகையைப் பார்த்து உரக்க வாசித்தார்கள். நான் கேட்டுக்கொண்டே நகர்ந்தேன். என் முறை வந்ததும் மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டேன்.

"கண்ணு தங்கமா இருக்கு பாட்டி" என்றான் சோதித்த பையன். அடுத்த வருஷமும் அதே பலகை, அதே பதில், அதே தங்கம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. கண் தங்கம் என்றால் வலி எங்கிருந்து வருகிறது? (எழுத்து மங்கலாகத் தெரிவது வயசுக் கோளாறு, வலி வேறு நோய் என்பது என் முடிவு. அவ்வளவு புத்திசாலி நான்.)

"கண்ணுல இல்லேன்னா உள்ள இருக்கு. மூளையில கட்டி" என்றார் லாத்தா.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் செத்தால் என் மய்யத்துக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மருமகள் ரஹ்மத்திடம் பட்டியலே ஒப்பித்தேன். அவள் பயந்துபோய் என்னை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். தடதடவென்று சத்தம் போடும் குழாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டே கிடந்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. மிஷினுக்கே பிடிபடாத நோய் என்று இன்னும் நடுங்கினேன்.

கடைசியாக ராமநாதபுரத்தில் ஒரு கண் டாக்டரம்மா. இருட்டு அறை. எதிரே முகாம் பலகை மாதிரியே ஒரு சட்டம் மாட்டியிருந்தது. டாக்டரம்மா என் இடது கண்ணை மறைத்து, "வாசிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், ஓதுகிற பழக்கத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே முழுசையும் ஒப்பித்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நான் இன்னும் லைட்டே போடலையே."

ரஹ்மத் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். லைட் வந்தது. வேறு எழுத்துகள்!

"மேல ஒண்ணு தெரியுது. கீழ எறும்பு ஊருது" என்றேன்.

"அப்ப முகாமுல எப்படிச் சொன்னீங்க?"

"முன்னால நின்னவுக சொன்னதைக் கேட்டுத்தான். தப்பாச் சொன்னாக் கீறிருவாகன்னு..."

"அங்கன உங்க கண்ணை யாரும் சோதிக்கலம்மா, காதைத்தான் சோதிச்சிருக்காங்க."

இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு பவராம். கண்ணாடி இல்லாமல் ஊசித் துவாரத்தை முறைத்து முறைத்துத்தான் அத்தனை வலியாம்.

"அப்ப கட்டி?"

"கட்டியும் இல்ல, கீறவும் வேணாம். கண்ணாடி போட்டாப் போதும்."

அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். கண்ணாடி வந்து இரண்டு வாரத்தில் வலி குறைந்தது. ஒரு மாதத்தில் நண்டு போன இடம் தெரியவில்லை.

மானம் போனதுதான் திரும்பவில்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால், துபாயில் இருக்கிற மகன்கூட போனில் கேட்கிறான்: "உம்மா, லைட்டு போட்டாச்சா?"

இதில் முகாம் இரண்டு தடவையா மூன்று தடவையா, அதிகப் பவர் வலது கண்ணுக்கா இடது கண்ணுக்கா என்று எனக்கு நிச்சயமில்லை. ரஹ்மத்து, டாக்டரம்மா எழுதின சீட்டை எடுத்து நீயே ஒரு தடவை சரிபார்த்துவிடு. நான் வாசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புகிறார்கள்?