இருபதடி போர்டும் பத்தடி கடையும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். கிள்ளான்ல கமலா அக்கா கடைக்கு போர்டு மாட்டணும். அவ்ளோதான்.

பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்ன விளம்பர போர்டு கம்பெனியில நான் ப்ராஜெக்ட் மேனேஜர். மேனேஜர்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. டிசைன் பண்றது புவனா. செராஸ் பட்டறையில போர்டு செஞ்சு, லோரியில ஏத்திட்டு வந்து மாட்டுறது மணியம் அண்ணே. இவங்க ரெண்டு பேரையும் மேனேஜ் பண்றேன்னு நடுவுல நான்.

பதவிக்கு வந்த மறுநாளே சட்டம் போட்டேன். "இனிமே வாட்ஸ்அப் கிடையாது, போன் கிடையாது. எல்லாமே இமெயில்தான். அப்பத்தான் பிளாக் அண்ட் வைட்டா ஆதாரம் இருக்கும்!"

மணியம் அண்ணே தலையைச் சொறிஞ்சாரு. "நான் லோரி ஓட்டுற ஆளு லா தம்பி. மெயில் எல்லாம் எப்பப் பாக்குறது?"

"பாத்துட்டு 'நோட்டட்'னு ஒரு வார்த்தை போட்டா போதும்ண்ணே."

என் வாயாலதான் இதைச் சொன்னேன்.

கமலா அக்கா பதினோரு வருஷமா வீட்டு ஹால்லயே கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போட்டவங்க. இதுதான் அவங்களுக்கு முதல் கடை. பத்து மணிக்குத் திறப்பு விழா. பத்தரைக்கு இராகு காலம் ஆரம்பிச்சிரும். "என் பேரு மேல ஏறாம நான் ரிப்பன் வெட்டமாட்டேன் தம்பி"ன்னு கண்டிஷனா சொல்லியிருந்தாங்க.

ஒம்போதேகாலுக்கு லோரி வந்துச்சு. மணியம் அண்ணே ஆளுங்களோட போர்டை இறக்கி கடை முன்னாடி சாய்ச்சாரு.

போர்டு அக்கா கடையைத் தாண்டிப் போச்சு. சுவரைத் தாண்டிப் போச்சு. பக்கத்து டயர் கடை வாசலையும் முழுசா அடைச்சுக்கிட்டுதான் நின்னுச்சு. டயர் கடை அங்கிள் உள்ளயே மாட்டிக்கிட்டாரு!

போர்டு இருபதடி. கடை பத்தடி.

"அண்ணே, கடை சுருங்கிருச்சா?"

சத்தியமா இதைத்தான் கேட்டேன்.

கமலா அக்கா பட்டுப்புடவையோட வெளிய ஓடி வந்தாங்க. "நான்தான் மெயில் போட்டேனே தம்பி! ஓனர் நடுவுல சுவர் வச்சுட்டாரு, பாதிக் கடைதான் எனக்கு, போர்டையும் பாதியாக்குங்கன்னு எழுதினேனே!"

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. எவன் இந்த மெயிலைப் படிக்காதது? என் சட்டத்தை நானே மீறி புவனாவுக்குப் போன் போட்டேன்.

"படிச்சேன்ண்ணே. ஆனா உங்க நோட்டட் முதல்ல வந்துச்சு. புது அளவு நீங்க அனுப்புவீங்கன்னு வெய்ட் பண்ணிக்கிட்டு நானும் ஒரு நோட்டட் போட்டேன்."

மணியம் அண்ணே பக்கத்துல நின்னு ஆமோதிச்சாரு. "ரெண்டு நோட்டட் கிடந்துச்சு தம்பி. சரி, வேலை முடிஞ்சிருச்சு போலன்னு நானும் போட்டேன். நீதான போடச் சொன்ன?"

போனை எடுத்துத் தேடினேன். ஒரே தலைப்புல நாப்பத்தி மூணு மெயில். நடுவுல எங்கேயோ அக்காவோட மெயில், முந்தின வாரம் காலையில பதினொண்ணு மணி ரெண்டு நிமிஷத்துக்கு. அதுக்குக் கீழ என் பதில். அதுவும் அதே பதினொண்ணு மணி ரெண்டு நிமிஷத்துக்கு! "நோட்டட் வித் தேங்க்ஸ்."

தேங்க்ஸ் வேற!

நான் கேட்ட ஆதாரம் பிளாக் அண்ட் வைட்டா கிடைச்சிருச்சு. எனக்கு எதிரா.

மணி ஒம்போதே முக்கால். மணியம் அண்ணே கட்டிங் மெஷினை எடுத்தாரு. "பாதியா வெட்டிரவா?"

போர்டுல எழுதியிருந்தது 'கமலா மணமகள் அலங்கார நிலையம்'. பாதியில வெட்டினா 'கமலா மணமகள்'னு மட்டும் நிக்கும்.

"அம்பத்திரண்டு வயசுல என்னை மணமகளாக்கப் பாக்குறீங்களாடா!"ன்னு அக்கா கத்துனாங்க. கத்திட்டு அப்படியே படியில உக்காந்து அழுதுட்டாங்க. காலையில தானே போட்டுக்கிட்ட மேக்கப் கண்ணீரோட இறங்குது. எனக்கு நிஜமாவே வெக்கமாப் போச்சு. பதினோரு வருஷம் காத்திருந்தவங்களோட நாளை ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டேன்.

அப்பத்தான் போர்டுக்குப் பின்னாலேருந்து டயர் கடை அங்கிள் குரல். "ஹலோ பாஸ்! ஐ வான்ட் டு கோ அவுட் லா!"

போர்டைக் கொஞ்சம் நகத்தி அவரை வெளிய விட்டேன். விட்ட கையோட, போர்டு உங்க கடை மேலயும் சேர்ந்து நிக்கட்டும்னு அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அவரும் புதுசா வந்தவரு, கடைக்கு இன்னும் போர்டு மாட்டல. அக்காவைப் பாத்தாரு, போர்டைப் பாத்தாரு.

"கேன் லா. பட் ஒன் வீக் ஒன்லி ஆ."

நாங்க எல்லாரும் சேர்ந்து கம்பி கட்டி போர்டைத் தூக்கி நிறுத்தினப்ப மணி பத்து இருபத்தஞ்சு. அக்கா மேல பாத்தாங்க. மூக்கை உறிஞ்சிட்டு ரிப்பனை வெட்டிட்டாங்க. இராகு காலத்துக்கு நாலு நிமிஷம் பாக்கி!

அக்கா கடைக்கு மேல 'கமலா மணமகள்'. டயர் கடைக்கு மேல 'அலங்கார நிலையம்', கூடவே நெத்திச்சுட்டி போட்ட கல்யாணப் பொண்ணு படம். அந்தப் பொண்ணுக்கு நேர் கீழ அடுக்கி வச்ச டயரு.

முதல்ல வந்த ஆன்டி ஒருத்தங்க மகளைக் கூட்டிக்கிட்டு நேரா டயர் கடைக்குள்ள போயிட்டாங்க. பிளாஸ்டிக் நாற்காலியில இருபது நிமிஷம் உக்காந்திருக்காங்க!

"அப்பாயின்ட்மென்ட் எடுக்கணுமா அங்கிள்?"

"நோ நீட் ஆன்டி. யுவர் கார் வேர்?"

அடுத்த திங்கக்கிழமை பத்தடி போர்டோட போனோம். லோரியிலேருந்து இறக்க அக்கா விடல. அவங்களே டேப் வச்சு ரெண்டு தடவை அளந்து பாத்தாங்க.

நான் போனை எடுத்தேன். "அக்கா, அளவு சரின்னு கன்பர்ம் பண்ணி ஒரே ஒரு மெயில் மட்டும்..."

"அதை உள்ள வை தம்பி. வந்து ஏணியைப் பிடி."

பிடிச்சேன். இந்த ப்ராஜெக்ட்ல ப்ராஜெக்ட் மேனேஜர் உருப்படியா செஞ்ச ஒரே வேலை அதுதான்.