உப்புத் தண்ணி ஒரு சொட்டுகூடப் படலை சார்!

வாய்த்தகராறில் என்னை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. பழவேற்காட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மீன் ஏலமோ, பஸ் சீட்டோ, கல்யாணப் பந்தியோ, கடைசிப் பேச்சு என்னுடையதாகத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை தோற்றேன். அதுவும் எதிராளியிடம் அல்ல, என்னிடமே. அந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் கைகால் வைத்துச் சொல்வாள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பத்து வருஷமாக நைனாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் போட்டில் வலை இழுக்க யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் இன்ஜினைத் தொட எனக்கு மட்டும்தான் உரிமை (அந்த உரிமையை எனக்குக் கொடுத்ததும் நான்தான்). கரைக்கு வந்ததும் எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள். நான் இன்ஜினைக் கழற்றி, ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீரில் இறக்கி ஓடவிடுவேன். உள்ளே போன உப்பெல்லாம் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்படிச் செய்யாவிட்டால் ஒரே வருஷத்தில் உப்பு இரும்பைத் தின்றுவிடும். எங்கள் குப்பத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாள்கூட உண்டு, இன்ஜினுக்குத் தண்ணீர் இல்லாத நாள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஆரம்பாக்கத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் மேகலா. அவள் அப்பா ஹைவே ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். காப்பி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தாள். வந்தவள் தலையைக் குனியவில்லை.

"கடலுக்குப் போற ஆளு எனக்கு வேணாம். கரையில நின்னுகினு போட்டு வருதா, வருதானு பாத்துனு இருக்க என்னால முடியாது" என்றாள், நேராக என் முகத்தைப் பார்த்து.

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இப்படி நேருக்கு நேராகப் பேசுகிற ஆளை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"அப்ப கடலுக்குப் போவல. கார் ஓட்டுறேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த நைனாவுக்கு பஜ்ஜி தொண்டையில் மாட்டிக்கொண்டது.

சொன்னேன், செய்தேன். கடனைப் போட்டுப் புத்தம்புது கார் ஒன்று எடுத்தேன். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலையும் பேசி முடித்தேன் (துறைமுகத்தின் மேல் கோபமாக இருந்த பாதிக் குப்பம் அதற்காகவே என்னோடு பேசவில்லை). தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. கார் ஓடினால் கல்யாணம், கார் நின்றால் நான் திரும்பவும் போட்டுக்குப் போக வேண்டும், மேகலா வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் அந்தக் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். படகு இன்ஜினுக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதன் பிறகு எத்தனை சாமியைக் கூப்பிட்டும் அது வாயே திறக்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் போய் ஹைவேயில் இருந்த சர்வீஸ் சென்டரில் விட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருக்கு சார். ஏரியில இறக்கி ஓட்டியிருக்கீங்க. இதுக்கு வாரண்டி வராது."

எனக்கு வந்த கோபத்தில் போன் சூடாகிவிட்டது. என் காரை நான் அந்த உப்பு ஏரியில் இறக்கினேனா? தண்ணீர் வற்றிய காலத்தில் சில பேர் குறுக்கு வழி என்று ஏரிக்குள் வண்டியை விடுவது உண்மைதான். நான் அப்படிப்பட்ட ஆளா? மழையில் ரோட்டோரம் தேங்கி நிற்கும் தண்ணீரைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான்.

சேதி ஆரம்பாக்கம் வரை போய்விட்டது. மேகலாவின் அப்பா போன் செய்தார். "மாப்ள, வண்டி வராதுன்றாங்களாமே? பொண்ணு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மாமா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவளையும் கூட்டினு சர்வீஸ் சென்டருக்கு வந்துடுங்க. நான் எப்புடிப் பேசுறேன்னு பாருங்க" என்றேன்.

(இந்த இடத்தில் மேகலா தவறாமல் ஒரு பெருமூச்சு விடுவாள்.)

நான் சும்மா போகவில்லை. பச்சைக் கலர் பைல் ஒன்று தயார் செய்தேன். அந்த வாரம் ஏரித் தண்ணீர் எதுவரை நின்றது என்று மூன்று பெரிய மனுஷர்களிடம் கையெழுத்து. காரைச் சுற்றிச் சுற்றி எடுத்த போட்டோக்கள், அதில் டயரில்கூடச் சேறு இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பாக்கெட்டில் இரண்டு பேனா, ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று.

மேனேஜர் ஒல்லியான, கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனுஷர். பார்த்ததுமே ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாமாவும் மேகலாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டேன். நின்று பேசினால்தான் எனக்குக் குரல் வரும்.

"உப்புத் தண்ணி ஒரு சொட்டுகூடப் படலை சார்!" என்று ஆரம்பித்தேன். கால்மணி நேரம் பேசினேன். பைலைப் பிரித்தேன், போட்டோவைக் காட்டினேன், கையெழுத்தைக் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மேனேஜர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். அதில் பாதி அளவு கலங்கிய தண்ணீர் இருந்தது. "இது உங்க இன்ஜினுக்குக் காத்து போற வழியில பிடிச்சது சார். தண்ணியே போகலன்னா, இது எங்கருந்து வந்துச்சு?"

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் தொழில் செய்கிறவனுக்கு நாக்குதான் கருவி. ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தால் போதும். முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறியிருக்கிறதா, மழைத் தண்ணீர் கலந்திருக்கிறதா, இன்றைக்கு இறால் கிடைக்குமா என்று சொல்லிவிடுவோம். அதில் என் நாக்கு பேர்போனது (இதுவும் நானே சொல்வதுதான்).

"அந்த பாட்டிலைக் குடுங்க சார்" என்றேன்.

"எதுக்கு சார்?"

"உப்பு இருந்துச்சுன்னா இப்பவே எழுந்து போயிடுறேன். கார் உங்களுக்கே."

மேனேஜர் தடுப்பதற்குள் மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டேன். முதலில் ஆயில் வாடை. அதைத் தாண்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். மேகலா என்னையே பார்ப்பது மூடிய கண்ணுக்குள்ளும் தெரிந்தது.

"உப்பு இல்ல!" என்று கத்தினேன். "இது ஏரித் தண்ணி இல்ல! இப்ப இன்னா சொல்றீங்க?"

மாமா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேனேஜருக்கே குழப்பம். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சரி சார், ஏரி இல்லன்னே வெச்சுக்கலாம். மழைத் தண்ணியா இருக்குமோ?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆமாம் சார், மழைதான் சார் என்று சொல்லி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் ருசி விஷயத்தில் ஒருத்தன் தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"மழையா? மழைத் தண்ணி சப்புனு இருக்கும் சார். இது இனிப்பா கீது பாருங்க. எங்க ஊர்ல டச்சுக்காரன் கல்லறை பக்கத்துல ஒரு கைப்பம்பு கீது. அந்தத் தண்ணிதான் இது. இந்த ருசி எனக்குத் தெரியாதா? தினமும் நான்தானே குடத்துல பிடிச்சு ஊத்துறேன்!"

மேனேஜர் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். "எங்க ஊத்துறீங்க சார்?"

என் பொறுமைக்கு அதுதான் எல்லை. காரே பார்க்காத ஆளை மேனேஜராகப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருந்த ஷோரூமில் நின்ற கார் ஒன்றிடம் அவரைக் கூட்டிப்போனேன். பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

"தினமும் வெளிய மட்டும்தான் கழுவுவேன். வண்டி நிக்கறதுக்கு மொத நாளு மட்டும் கடலோரம் காத்து பலமா அடிச்சுது. கண்ணாடியெல்லாம் உப்பு. வெளியவே இவ்ளோ உப்புன்னா உள்ள எவ்ளோ போயிருக்கும்? அதான், இதோ இந்தக் குழா வழியா ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தி உள்ளயும் கழுவுனேன். இவ்ளோ சுத்தமா வெச்சிருந்த வண்டிக்கு வாரண்டி இல்லன்றீங்களே, நியாயமா சார்?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாமா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் சொன்னது அவர்கள் மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"இதை அப்படியே எழுதிக்கட்டுமா சார்?" என்று கேட்டார் மேனேஜர், முன்னைவிட மெதுவாக.

"நல்லா எழுதிக்குங்க! கையெழுத்தும் போடுறேன்!"

போட்டேன். என் பேனாவாலேயே. கீழே தேதியும் எழுதினேன்.

மாமா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். இருபது வருஷம் லாரிகளோடு பழகிய மனுஷர். "மாப்ள, அது மூக்கு. வண்டி மூச்சு வுடுற மூக்கு. மூக்குல ஒரு குடம் தண்ணிய ஊத்திட்டு, மறுநாளு மூச்சு வுடுன்னா எப்புடி வுடும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரை பிளந்தால் பைலோடு உள்ளே போயிருப்பேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மாமா சோடா வாங்கப் போனார். எனக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வாய்விட்டே அழுதேன்.

"வண்டிய சரி பண்ணணும்னா திரும்பக் கடலுக்குத்தான் போவணும். நீ வேற எடம் பாத்துக்க மேகலா" என்றேன்.

"எத்தினி மாசம் ஆவும்?"

"நாலு மாசம் ஆவும்."

கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "அந்தாளு மழையான்னு கேட்டப்போ ஆமான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள்.

"மழைத் தண்ணி இல்லியே அது."

சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை அவளால். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நாலு மாசம் போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றாள்.

"கரையில நின்னு பாக்க முடியாதுன்னியே?"

"ஆரம்பாக்கத்துலேர்ந்து கடல் தெரியாது. ஆனா ஒண்ணு, கரைக்கு வந்ததும் மொதல்ல எனக்கு போன் பண்ணணும். அப்புறமா இன்ஜினைக் குளிப்பாட்டுங்க."

நாலு மாதமும் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் வலை சிக்கி நேரமாகிவிட்டது. நான் கூப்பிட்டதும் முதல் ரிங்கிலேயே எடுத்து, "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்காக அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

காரைச் சரிசெய்து, அதிலேயே போய்த் தாலி கட்டினேன். பந்தியில் மாமா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ள, இது எந்த ஊர்த் தண்ணி சொல்லுங்க பாப்போம்" என்றார். வாங்கிக் குடித்து, "கல்லறைப் பம்பு" என்றேன். சரியான பதில். பந்தியே கைதட்டியது. நாலு மாதமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத நைனா, இலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "மீதிய மூக்குல ஊத்திக்காத" என்றார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் சொந்தக்காரர்கள் வீட்டில் எனக்குத் தண்ணீர் கொடுத்தால் அந்த வார்த்தையோடுதான் கொடுப்பார்கள். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சொல்கிறாள். போன வாரம் புரோகிதர்கூடத் தீர்த்தம் கொடுக்கும்போது சொல்லிவிட்டார். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று, அந்த பாட்டிலில் உப்பு இல்லை. அந்த விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி.