அலமாரிக்குள் ஒரு செவ்வந்தி

மச்சினனை வீட்டைவிட்டு வெளியேற்றுவது என்று முடிவெடுத்தேன். அறிவியல் முறைப்படி.

காரணம் என் அறை. வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, கதவுக்கு உள்தாழ்ப்பாள், வேறென்ன வேண்டும் மனுஷனுக்கு? "ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன் மாமா" என்று வந்த மனைவியின் தம்பி, மூன்று மாதமாக அந்தத் தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் இருந்தான். நான் இஸ்திரி மேஜையில் புத்தகம் படித்தேன். ஒருநாள் நாற்பதாம் பக்கம் சட்டைக் காலரோடு சேர்ந்து கருகிவிட்டது.

"எப்போ கிளம்பறதா உத்தேசம்?" என்று கேட்டேவிட்டேன்.

"நான் கொண்டுவந்த செவ்வந்தி பூத்ததும் கிளம்பிடறேன் மாமா. சத்தியம்!"

தொட்டியைப் பார்த்தேன். மொட்டின் வாசனைகூட இல்லை. கோடைகாலம், இரவு குட்டை. நீண்ட இரவு வந்தால்தான் செவ்வந்தி பூக்கும். பயல் விவரமாகத்தான் சத்தியம் செய்திருக்கிறான். ஆனால் அவன் மறந்தது ஒன்று உண்டு. பதினெட்டு வருஷமாகப் பூப்பண்ணைகளில் விளக்கு மாட்டுகிறவன் நான்.

இலைக்குள்ளே ஒரு புரதம் இருக்கிறது. சிவப்பு வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும்; அது விழித்திருக்கிறவரை செவ்வந்தி பூக்காது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத இன்னொரு சிவப்பு இருக்கிறது. அது பட்டால் படுத்துவிடும். இருட்டில் தானாகவே மெல்லக் கண்ணயரும். புழுக்கமாக இருந்தால் சீக்கிரம் அயரும். வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் செடியிடம் ஒரே காவல்காரன். அவனிடம் ஒரு குணம்: கடைசியாக எந்த வெளிச்சம் பட்டதோ, அதன் பேச்சைத்தான் கேட்பான். என் வீட்டிலும் கடைசிப் பேச்சுதான் செல்லும். அது என்னுடையதாக இருந்ததில்லை.

துணி அலமாரியைக் காலிசெய்தேன். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவன், சாயங்காலம் நாலுக்கே ஓடிவந்து தொட்டியை உள்ளே வைத்துப் பூட்ட ஆரம்பித்தேன். காலை எட்டுக்குத் திறப்பு. உள்ளே ஒரு வெப்பமானி வேறு.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு நாளாவது தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்திருப்பீங்களா?" என்றாள் மனைவி.

"நீ பூக்கவா போறே?"

முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குரல் இறங்கியது. "சரி, மொட்டை மாடியில துணி எடுக்கப் போனா இருட்டுல கால் இடறுது. ஒரு லைட்டாவது மாட்டித் தாங்களேன்."

பண்ணையில் மிஞ்சிய சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து, பொழுது சாய்ந்தால் தானே எரிந்து விடிந்தால் தானே அணையும்படி மாட்டிக்கொடுத்தேன். "ம்" என்றாள். எங்கள் வீட்டில் அது பாராட்டு விழா.

மறுவாரம் ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்து வருகிறேன், அலமாரி திறந்திருக்கிறது. சைக்கிளின் பின்விளக்கைக் கையில் பிடித்தபடி மனைவி உள்ளே தலையை விட்டிருக்கிறாள்.

"என்ன பண்றே?"

"உங்க பனியனைத் தேடறேன்."

"செடிக்குள்ளயா?"

"அதுல இருக்கிற ஓட்டைக்கு, எது வழியா எங்க போச்சோ!"

"சிவப்பு வெளிச்சம் காட்டினா பூக்காதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான். கல்யாணமானதுலேர்ந்து சோறு போடறப்பல்லாம் இதைத்தானே சொல்றீங்க? காதுல பஞ்சா வெச்சிருந்தேன்?"

அதிர்ந்துபோனேன். அவள் கேட்கவில்லை என்ற தைரியத்தில்தான் அவ்வளவும் பேசியிருந்தேன்.

போர் மூண்டது. நான் 'அப்பால் சிவப்பு' விளக்கைக் கொண்டுவந்தேன். அவள் சிவப்பு காட்டினாள். நான் அப்பால் காட்டினேன். தண்ணீர் குடிக்க வந்தவள்போல் வந்து மறுபடி சிவப்பு. நான் மறுபடி அப்பால். கடைசியில் அலமாரி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் குறட்டை கேட்டபின் ஒரு அப்பால் காட்டிப் பூட்டுவேன். தினமும் இதே கூத்து.

ஒன்பதாவது வாரம் பூத்தது! கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசிச் சொல் என்னுடையது. தொட்டியை ஏந்திக்கொண்டு போய் என் அறைக் கதவைத் தட்டினேன்.

"மாப்ளே, பெட்டியைக் கட்டு!"

சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே மச்சினன் எட்டிப் பார்த்தான். "நல்லாருக்கு மாமா. ஆனா இது மஞ்சளாச்சே? என் செடி வெள்ளைப் பூவாச்சே!"

திரும்பினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது நர்சரியில வாங்கினது. நீங்க பூட்ட ஆரம்பிச்ச மறுநாளே மாத்திட்டேன்."

"அப்போ அந்தச் சைக்கிள் விளக்கு?"

"உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதில்ல? அதுவும் இல்லாம, ஒன்பது வாரமா நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வர்றீங்க. பார்க்க நல்லாத்தான் இருந்தது."

"அவனோட செடி எங்கே?"

"மொட்டை மாடியில, லைட்டுக்கு அடியில. ஒரு மொட்டு வைக்கலை" என்றாள், என் பனியனை உதறி மடித்தபடி. "பதினெட்டு வருஷத்துல நீங்க மாட்டின விளக்குலயே அதுதாங்க ஒழுங்கா வேலை செய்யுது."