ஒற்றைக் கொடுக்குப் பூரான்

"ஏங்க, இன்னொண்ணு!" குளியலறையிலிருந்து சுஷ்மா கத்தினாள்.

ஜிதேந்திரன் கண்ணாடி டம்ளரும் பழைய கல்யாணப் பத்திரிகையுமாக ஓடினான். ஜைனக் குடும்பம், பூரானை அடிப்பதில்லை. டம்ளரால் மூடி, அட்டையை அடியில் செருகி, பின்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாழையடியில் விட்டுவிடுவான்.

விடுமுன் டம்ளரை நிமிர்த்தி, அடிக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். பூரான் வாயால் கடிப்பதில்லை. தலைக்கடியில் முதல் ஜோடிக் கால்களே விஷம் ஏற்றும் கொடுக்குகளாகியிருக்கும். இதற்கு இடது கொடுக்கு இல்லை.

"மூணாவது பூரான். மூணுக்குமே இடது கொடுக்கு இல்ல. புது இனம், சுஷ்மா!"

"வேலையே போவப் போவுது. பூரானை எண்ணிக்கினு இருக்கீங்க."

திண்டிவனம் கல்லூரி ஒன்றில் அவன் விலங்கியல் தற்காலிக விரிவுரையாளர். ஆய்வுக் கட்டுரை இல்லாவிட்டால் ஜூனில் வீட்டுக்குப் போகலாம் என்று துறைத்தலைவர் முத்துசாமி சொல்லியிருந்தார். அவருக்கே போன் செய்தான்.

"மூணு பத்தாதுப்பா. கொறஞ்சது பத்து வேணும்."

அடுத்த ஏழு நாளும் நாளுக்கு ஒன்று வந்தது. எல்லாம் ஒற்றைக் கொடுக்கு.

"ஒண்ணை ஸ்பிரிட்ல போட்டுக் கொண்டா," என்றார் முத்துசாமி.

"கொல்ல மாட்டோம் சார்."

"ஒண்ணே ஒண்ணு?"

"பூச்சி விழுந்துடும்னு பொழுது சாஞ்சா சாப்பிடவே மாட்டோம் சார்."

"சரி, நானே வர்றேன்."

அதற்குள் பேராசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கண்டுபிடிப்பை அறிவித்தார். இனத்துக்குத் தன் பெயரையே வைத்தார். நிபுணர் ஒருவரையும் அழைத்தார்.

ஞாயிறு காலை இருவரும் விழுப்புரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். பூரான் வரவில்லை. நிபுணர் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுஷ்மா மூன்றாவது காபி கொடுத்தாள்.

"எங்கப்பா?" முத்துசாமி பல்லைக் கடித்தார்.

"தினம் எட்டரைக்கு வந்துடும் சார்."

"பஸ்ஸுலயா?"

அப்போது பின்சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு ஜ்வாலாமாலினியின் தலை தெரிந்தது. கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே ஏதோ நெளிந்தது.

"கோயிலுக்குப் போய்ட்டு வர லேட்டாயிடுச்சு தம்பி. நாங்களும் கொல்ல மாட்டோம்ல, அதான் நீங்க விட்றதைத் தினம் திருப்பி உங்க பாத்ரூம் ஓரமாவே விட்டுக்கினு இருக்கோம்."