டைல்ஸ் ஒட்டிய திரை

மவுசைத் தொடுவதே கேவலம் என்று நினைக்கிற ஆளை யாரும் கல்யாண வேலையில் சேர்க்காதீர்கள். அந்த ஆளே நான்தான், அதனால் சொல்கிறேன்.

மற்றவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவின் மேல் இன்னொன்று ஏறி மறைக்கும். என் லேப்டாப்பில் அப்படி ஏறாது. பாத்ரூம் டைல்ஸ் மாதிரி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறிகூடக் கிடையாது, சகலமும் கீபோர்டில்தான். (அப்போது எனக்கிருந்த கர்வத்துக்குக் கடலூர் மாவட்டமே போதாது.)

அக்காவின் ரிசப்ஷன் சிதம்பரத்தில். மறுநாள் காலை முகூர்த்தம். மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் படம் ஓட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளை சிரிக்கும் படம் வந்தது. அதை முழுத்திரைக்குப் பெரிதாக்க ஒரு கீயை அழுத்தினேன். தப்பான கீ. சேத்தியாத்தோப்பு நண்பனுக்காகக் காலையில் செய்துகொடுத்து, மூட மறந்திருந்த போஸ்டர் ஓடிவந்து மாப்பிள்ளை பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் பெரியப்பா இறந்துபோனதற்கான கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

எனக்குத் தெரிந்த கீ ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கைக்கு வந்ததை அழுத்தினேன், இரண்டும் இடம் மாறின. இன்னொன்றை அழுத்தினேன், போஸ்டர் மேலேயும் மாப்பிள்ளை கீழேயும் போனார்கள். சரி, போஸ்டரையாவது சின்னதாக்குவோம் என்று பார்த்தேன். அது சுருங்கிச் சுருங்கித் தலைப்பு மட்டும் மிஞ்சியது. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, பல் தெரியச் சிரித்தபடி மாப்பிள்ளை.

பாட்டுக் கச்சேரி பாதியில் நின்றது. முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தச் சம்பந்தமே வாணாம். எல்லாரும் கெளம்புங்க."

அக்கா மேடையில் வெளுத்துப்போய் நின்றாள். என் அப்பா பார்த்த பார்வையில், அடுத்த போஸ்டர் எனக்குத்தான் என்று புரிந்தது.

மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வந்தார். இதை மூடுவதற்கு வழியே கிடையாதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே கேபிளைப் பிடுங்கினார். பிறகு அவர் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"உயிரோடதானம்மா நிக்கிறேன். உக்காரு. காலைல தாலி கட்டிட்டுப் போவலாம்."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டி முடிகிறவரை என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

இப்போதும் ஒவ்வொரு கல்யாண நாளன்றும் காலையில் மாமாவிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வரும். பல் தெரியச் சிரித்தபடி அவர் படம் (எடுத்துக் கொடுப்பது அவர் அம்மாதான்). அதன் கீழே ஒரே வரி:

"இன்னும் இருக்கேன் மச்சான்."